நீல டோபாஸ்: அந்த நீலம் எப்படி வருகிறது, வாங்கும்போது எதைப் பார்ப்பது

டிசம்பரில் பிறந்தவர்களுக்கான கல் என்று விற்கப்படும் நீல டோபாஸ், மண்ணிலிருந்து எடுக்கும்போது பெரும்பாலும் நீலமாக இருப்பதில்லை. நிறமே இல்லாமல்தான் வெளியே வருகிறது. நீலம் ஏறுவது அப்புறம்தான், எலக்ட்ரான் கற்றையிலோ அணு உலையிலோ. இதைக் கேட்டதும் சிலருக்கு "அப்படியானால் போலிக் கல்லா?" என்று சந்தேகம் வரும். சிலருக்கு "கதிர்வீச்சா? உடம்பில் போட்டுக்கொள்ளலாமா?" என்று பயம் வரும். இரண்டுக்கும் பதில் இருக்கிறது. அந்தப் பதில்கள் புரிந்துவிட்டால், இந்தக் கல்லில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பதும் புரிந்துவிடும்.

முதலில் கல்லைப் பார்ப்போம். டோபாஸ் என்பது அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன், ஃபுளோரின் ஆகியவை சேர்ந்த கனிமம். கிரானைட் குழம்பு பூமிக்குள் மெல்ல ஆறி இறுகும்போது, கடைசியில் நீரும் ஃபுளோரினும் மிகுந்த கொஞ்சம் குழம்பு மிஞ்சும். அது பாறை இடுக்குகளில் புகுந்து குளிரும் இடங்களில்தான் டோபாஸ் படிகமாக வளர்கிறது. இடம் கிடைத்தால் மிகப் பெரிதாகவே வளரும். பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் கிடைத்த ஒரு படிகம் 271 கிலோ எடை. அது நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரேசில், இலங்கை, நைஜீரியா, பாகிஸ்தான், ரஷ்யா என்று பல நாடுகளில் டோபாஸ் கிடைத்தாலும், கிடைப்பதில் பெரும்பகுதி நிறமற்றது. பிரேசிலின் ஊரோ பிரேட்டோ பகுதியில் வரும் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் கலந்த இம்பீரியல் டோபாஸ் அரிதானது, விலையும் அதிகம். அது தனிக் கதை.

இயற்கையிலேயே நீலமான டோபாஸும் உண்டு. ரஷ்யாவின் உரால் மலைப்பகுதி, உக்ரைன், ஜிம்பாப்வே, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் மேசன் கவுன்டி ஆகிய இடங்களில் எடுத்திருக்கிறார்கள். டெக்சஸ் 1969இல் நீல டோபாஸைத் தன் மாநில ரத்தினமாகவே அறிவித்தது. ஆனால் இயற்கை நீலம் பெரும்பாலும் மிக வெளிர். வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால்தான் நீலம் என்று சொல்லத் தோன்றும். நகைக் கடையில் மினுங்கும் அடர்ந்த நீலம் அது இல்லை.

நீலம் எப்படி ஏறுகிறது

பல ரத்தினங்களுக்கு நிறம் கொடுப்பது அவற்றுக்குள் சிறிதளவு கலந்திருக்கும் உலோகம். அக்வாமரினின் நீலத்துக்கு இரும்பு காரணம். நீல சஃபையருக்கு இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து காரணம். நீல டோபாஸின் கதை வேறு. படிகத்தின் வழியாகக் கதிர்வீச்சு பாயும்போது, சில எலக்ட்ரான்கள் தம் இடத்தைவிட்டுத் தள்ளப்பட்டு, படிகக் கட்டமைப்பில் குறையுள்ள இடங்களில் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. அப்படிச் சிக்கிய இடங்களை நிற மையங்கள் என்பார்கள். அவை வெள்ளொளியில் சிவப்பு, ஆரஞ்சுப் பக்கத்தை உறிஞ்சிக்கொள்ளும். மிச்சமாகக் கண்ணுக்கு வருவது நீலம். கல்லுக்குள் சாயமும் இல்லை, மேலே பூச்சும் இல்லை. நிறம் கல்லின் உள்ளே முழுக்கப் பரவியிருக்கிறது.

கதிர்வீச்சு முடிந்த கையோடு கல்லைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். பல கற்கள் பழுப்பாகவோ பாசிப்பச்சை கலந்த மங்கலாகவோ இருக்கும். ஏனென்றால் நீல மையங்களோடு பழுப்பு மையங்களும் கூடவே உண்டாகின்றன. நல்ல வேளையாக, பழுப்பு மையங்கள் அவ்வளவு உறுதியானவை அல்ல. 200 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே சில மணி நேரம் சூடாக்கினால் அவை அழிந்துவிடும், நீலம் நிற்கும். அந்த நீலம் வெயிலிலோ விளக்கு வெளிச்சத்திலோ வெளிறுவதில்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பூமிக்குள்ளும் இதேதான் நடக்கிறது. கிரானைட்டில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை சிறிதளவு இருக்கும். அவற்றின் கதிர்வீச்சு லட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்லப் பட்டு, சில டோபாஸ் படிகங்களை வெளிர் நீலமாக்குகிறது. இயற்கை செய்த அதே வேலையை ஆலையில் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ முடித்துவிடுகிறார்கள். வேலை ஒன்றே என்பதால் விளைவும் ஒன்றே. அதனால், வெளிர் நீலக் கல் ஒன்றைக் கொடுத்து இது இயற்கை நீலமா, செயற்கையாக ஏற்றிய நீலமா என்று கேட்டால், ரத்தினப் பரிசோதனைக் கூடங்கள்கூட வழக்கமான சோதனைகளை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. எந்தச் சுரங்கத்திலிருந்து யார் கையில் வந்தது என்ற ஆவணம் முழுமையாக இருந்தால் மட்டுமே நம்பலாம். ஆகவே, கண்ணுக்கு நல்ல நீலமாகத் தெரியும் எந்த டோபாஸையும் நிறம் ஏற்றப்பட்டது என்றே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். "இது மட்டும் முழுக்க இயற்கை நிறம், அதனால்தான் இந்த விலை" என்று ஒருவர் சொன்னால், கையில் ஆவணம் இல்லாதவரை நான் நகர்ந்துவிடுவேன்.

விற்பனையில் மூன்று பெயர்கள் அடிக்கடி வரும். ஸ்கை புளூ என்பது வெளிர் வான நீலம். சுவிஸ் புளூ பளிச்சென்று கண்ணைப் பறிக்கும் நடுத்தர நீலம். லண்டன் புளூ ஆழ்ந்த நீலம், சாம்பலோ பச்சையோ லேசாக ஓடும். சுவிட்சர்லாந்திலோ லண்டனிலோ இதற்கென்று சுரங்கம் எதுவும் இல்லை, எல்லாம் வணிகப் பெயர்கள். எங்கே ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதற்குச் சட்டபூர்வமான அளவுகோலும் இல்லை. ஒருவர் சுவிஸ் என்று விற்பதை இன்னொருவர் ஸ்கை என்பார். பெயரைவிடக் கல்லைப் பாருங்கள்.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் செய்முறையில் ஒரு வித்தியாசம் உண்டு. ஸ்கை புளூ பொதுவாக எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சும் கருவியான எலக்ட்ரான் முடுக்கியில் வைத்து, பிறகு சூடாக்கி எடுக்கப்படுவது. லண்டன் புளூ அணு உலையின் நியூட்ரான்களால் வருவது, பல சமயம் சூடாக்கவேகூட மாட்டார்கள். சுவிஸ் போன்ற அழுத்தமான நிறங்களுக்கு எலக்ட்ரான் கற்றையில் நீண்ட நேரம் வைப்பதும் உண்டு, முதலில் நியூட்ரான், பிறகு எலக்ட்ரான் என்று இரண்டையும் சேர்ப்பதும் உண்டு. காமா கதிரிலும் நிறம் வரும், ஆனால் வெளிறிய நிறம்தான்.

கதிர்வீச்சு பற்றிய பயம்

கதிர்வீச்சுக்கு உள்ளாவது வேறு, கதிரியக்கம் உள்ளதாக மாறுவது வேறு. காமா கதிர் பட்ட கல் கதிரியக்கம் உள்ளதாக மாறுவதில்லை. எலக்ட்ரான் கற்றையில் வைத்த கல்லில் சில சமயம் மிகக் குறைவாக உண்டாகலாம், அது சீக்கிரம் தணிந்துவிடும். கவனம் தேவைப்படுவது நியூட்ரான் விஷயத்தில்தான். டோபாஸுக்குள் நுண்ணளவில் இருக்கும் ஸ்கேண்டியம், டேன்டலம் போன்ற மாசுகள் நியூட்ரானை விழுங்கிக் கதிரியக்கத் தனிமங்களாக மாறும். அந்தக் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலத்தை அரை ஆயுள் என்பார்கள். ஸ்கேண்டியம்-46இன் அரை ஆயுள் சுமார் 84 நாட்கள், டேன்டலம்-182க்குச் சுமார் 114 நாட்கள். பத்து அரை ஆயுள் கடந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஸ்கேண்டியத்துக்கு அது இரண்டே கால் ஆண்டு. அதனால்தான் உலையிலிருந்து எடுத்த கற்களை உடனே விற்காமல், சில மாதங்கள் முதல் சில ஆண்டுகள் வரை பூட்டி வைத்து, அளந்து பார்த்து, வரம்புக்குக் கீழே வந்த பிறகே வெளியே விடுகிறார்கள்.

அமெரிக்காவில் இதை அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் கவனிக்கிறது. உலையில் வைத்த கற்களை முதன்முதலில் சந்தைக்கு விடுபவர் உரிமம் வைத்திருக்க வேண்டும், கற்களை அளந்து பார்த்துத்தான் விட வேண்டும். 2007இல் இந்த உரிம விதிகள் பற்றிக் கேள்வி எழுந்தபோது, அங்கே சில கடைகள் நீல டோபாஸ் விற்பனையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தன. சந்தையில் உள்ள கற்களால் உடல்நலக் கேடு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்றே ஆணையம் சொன்னது. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: இந்தக் கதிரியக்கம் காலப்போக்கில் குறையத்தான் செய்யும், அதிகரிக்காது. பல ஆண்டுகளாக வீட்டில் இருக்கும் பழைய மோதிரத்தைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

சரி, போலியா? இல்லை. கல் உண்மையான டோபாஸ், பூமியில் விளைந்தது, நிறம் மட்டும் ஏற்றப்பட்டது. ஏற்றியதை மறைத்து விற்பதுதான் மோசடி.

இந்தத் தொழில்நுட்பம்தான் விலையையும் தீர்மானித்தது. 1970களுக்குப் பிறகு நிறமற்ற டோபாஸைப் பெருமளவில் நீலமாக்கத் தொடங்கினார்கள். மூலக்கல்லுக்குப் பஞ்சமில்லை, படிகங்களும் பெரியவை. 1980களில் சந்தை நிரம்பி விலை விழுந்தது, அதிலிருந்து இது சாமானியர் வாங்கக்கூடிய நீலக் கல்லாகவே இருக்கிறது. வைரத்திலும் மாணிக்கத்திலும் கல் பெரிதாக ஆக ஒரு காரட்டுக்கான விலை தாவி ஏறும். இதில் அந்தத் தாவல் பெரிதாக இல்லை, பெரிய கல்லைத் துணிந்து வாங்கலாம். எவ்வளவு பெரிதாக வெட்ட முடியும் என்றால், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்ட ஓஸ்ட்ரோ கல் என்ற நீல டோபாஸ் 9,381 காரட், கிட்டத்தட்ட 2 கிலோ. ஆனால் இது முதலீட்டுக்கான கல் அல்ல. மறுவிற்பனையில் காசு பார்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம்.

டிசம்பருக்கு எப்படி வந்தது

இன்று உலகம் முழுக்கப் புழங்கும் பிறந்த மாதக் கற்களின் பட்டியல் வணிகர்கள் வகுத்தது. 1912இல் அமெரிக்க நகை வியாபாரிகள் சங்கம் கான்சஸ் நகரில் கூடி அதை ஒழுங்குபடுத்தியது. அதில் டோபாஸ் நவம்பருக்கு, டிசம்பருக்கு டர்கோய்ஸும் லாபிஸ் லசூலியும். 1952இல் லாபிஸை எடுத்துவிட்டு ஜிர்கானைச் சேர்த்தார்கள். 2002இல் டான்சனைட் வந்து சேர்ந்தது. நீல டோபாஸ் இப்படி ஒரு கூட்டத்தில் முடிவாகி வந்ததாகத் தெரியவில்லை. டிசம்பர் நீலத்தின் மாதமாகிவிட்டதால், மலிவான, எளிதில் கிடைக்கும் நீலக் கல்லை விற்பனையாளர்கள் தங்கள் பட்டியல்களில் சேர்த்துக்கொண்டார்கள்.

இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நகையாக அணிவதற்கு மற்ற டிசம்பர் கற்களைவிட இது ஒருவிதத்தில் தோதானது. கீறலை எவ்வளவு தாங்கும் என்பதை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் கடினத்தன்மை அளவில் டர்கோய்ஸ் 5 முதல் 6, டான்சனைட் 6 முதல் 7, ஜிர்கான் 7ஐ ஒட்டி. டோபாஸ் 8. நவம்பரில் பிறந்தவரும் நீல டோபாஸ் அணியலாம், எந்த நிறமானாலும் அதுவும் டோபாஸ்தானே. நான்காம் திருமண நாளுக்கான கல் என்றும் சில பட்டியல்களில் இருக்கிறது. எந்தப் பட்டியலும் வேண்டாம், நிறம் பிடித்திருக்கிறது என்பதும் போதுமான காரணம்தான்.

கடினமான கல், ஆனால் பிளக்கும்

ஃபிரெடரிக் மோஸ் 1812இல் கடினத்தன்மை அளவை வகுத்தபோது, எட்டாம் இடத்துக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டதே டோபாஸைத்தான். காற்றில் பறக்கும் தூசியில் குவார்ட்ஸ் துகள் இருக்கும், அதன் கடினம் 7. கண்ணாடியும் மென்மையான கற்களும் நாள்பட மங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். டோபாஸை அந்தத் தூசி கீறாது.

ஆனால் கீறாமல் இருப்பதும் உடையாமல் இருப்பதும் ஒன்றல்ல. டோபாஸ் படிகத்தில் ஒரு குறிப்பிட்ட திசையில் அணுப் பிணைப்புகள் பலவீனமானவை. எவ்வளவு உறுதியான விறகும் நாரோட்டம் பார்த்துப் போட்டால் ஒரே வெட்டில் இரண்டாவதைப் போல, அந்தத் திசையில் சரியாக அடி விழுந்தால் கல் வழுவழுப்பான தளமாகப் பிளந்துவிடும். பட்டை தீட்டுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிளவுத் தளத்துக்கு நேர் இணையாக ஒரு பட்டையை வைத்தால் அது மெருகேறாது, சொரசொரவென்று பெயர்ந்துகொண்டே இருக்கும். அதனால் கல்லைச் சில டிகிரி சாய்த்து வைத்தே வெட்டுகிறார்கள்.

அணிபவருக்கு இதன் பொருள் என்ன? காதணி, பதக்கம் என்றால் கவலையே இல்லை. மோதிரம் என்றால், அதுவும் தினமும் போடும் மோதிரம் என்றால், கட்டு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கல்லின் ஓரம் முழுவதையும் உலோக விளிம்பு சுற்றிப் பிடிக்கும் மூடிய கட்டு பாதுகாப்பானது. நகம்போன்ற சிறு உலோகக் கொக்கிகள் கல்லைப் பிடிக்கும் நகக் கட்டு வேண்டுமென்றால் கூர்முனைகள் உலோகத்துக்குள் மறைந்திருக்க வேண்டும். சதுரம், பேரிக்காய் வடிவங்களின் முனைகள்தான் முதலில் பெயரும். நீள்வட்டமும் குஷன் வடிவமும் அடியைக் கொஞ்சம் தாங்கும்.

தேர்ந்தெடுக்கும்போது

நீல டோபாஸில் தெளிவு ஒரு பிரச்சினையே அல்ல. வெறும் கண்ணுக்குத் தெரியும் கீறலோ புள்ளியோ இருந்தால் அந்தக் கல்லை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். சுத்தமான கற்கள் ஏராளமாக இருக்கும்போது குறையுள்ளதை ஏன் வாங்க வேண்டும்? கல்லுக்குக் கல் உண்மையான வித்தியாசம் வெட்டில்தான். மலிவான கல் என்பதால் அவசரமாக வெட்டித் தள்ளுபவர்கள் அதிகம். கல்லை நேராக மேலிருந்து பார்க்கும்போது நடுவில் வெளிச்சம் திரும்பி வராமல், அடியில் இருக்கும் விரல் தெரிகிறதா? விண்டோ என்பார்கள் அதை. அடிப்பகுதி போதிய சாய்வில்லாமல் தட்டையாக வெட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். நல்ல வெட்டில் மின்னல் கல் முழுக்கப் பரவியிருக்கும். கொஞ்சம் கூடுதல் பணம் கொடுக்க வேண்டிய ஒரே இடம் இதுதான் என்பேன்.

நிறத்தைப் பகல் வெளிச்சத்திலும் பாருங்கள், வீட்டின் மஞ்சள் விளக்கிலும் பாருங்கள். லண்டன் புளூ மங்கிய வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரியும், அதுவும் கல் பெரிதாகத் தடிமனாக இருந்தால் இன்னும் மோசம். ஸ்கை புளூ அதற்கு நேர் எதிர். சின்னக் கல்லில் நிறமே தெரியாமல் போய்விடும், பெரிதாக இருந்தால்தான் எடுப்பு. சிறிய காதணிக்கு லண்டனோ சுவிஸோ, பெரிய பதக்கத்துக்கு ஸ்கை என்று போனால் பெரும்பாலும் தவறாது. வெள்ளி, வெள்ளைத் தங்கம் இரண்டிலும் மூன்று நிறங்களும் எடுபடும். மஞ்சள் தங்கத்தில் லண்டன் புளூ தனி அழகு, இது என் ரசனை.

கல்லை காரட்டில் கேட்பதைவிட மில்லிமீட்டரில் கேளுங்கள். டோபாஸ் கனமான கல், அடர்த்தி தண்ணீரைப்போல் மூன்றரை மடங்கு. அக்வாமரின் 2.7 மடங்குதான். ஒரே எடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் டோபாஸ் சிறிதாகத் தெரியும். இந்த அடர்த்தி இன்னொரு விதத்திலும் உதவும். வெளிர் நீல டோபாஸை ஒரு காலத்தில் "பிரேசிலியன் அக்வாமரின்" என்ற பெயரில் விற்றிருக்கிறார்கள், அது தவறான பெயர். அக்வாமரின் வேறு கனிமம், விலையும் பல மடங்கு. கண்ணால் பிரிப்பது கடினம். ஆனால் அடர்த்தியையும், கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று காட்டும் ஒளிவிலகல் எண்ணையும் அளந்தால் ரத்தினவியலாளர் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். டோபாஸுக்கு ஒளிவிலகல் எண் சுமார் 1.62, அக்வாமரினுக்கு 1.58ஐ ஒட்டி.

"ஆய்வகத்தில் உருவாக்கிய நீல டோபாஸ்" என்று விற்கிறார்களே, அது? சோதனையாக டோபாஸை வளர்த்திருக்கிறார்களே தவிர, நகைச் சந்தைக்கு அப்படி வருவதில்லை. இயற்கைக் கல்லே இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது யார் மெனக்கெடுவார்கள்? அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் செயற்கை ஸ்பினல் என்ற வேறு கல்லோ நீலக் கண்ணாடியோதான். ரசீதில் "டோபாஸ், கதிர்வீச்சால் நிறம் ஏற்றியது" என்று தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். "புஷ்பராகம்" என்று மட்டும் எழுதினால் போதாது, மஞ்சள் சஃபையரையும் அதே பெயரில் சொல்வதுண்டு.

வானவில் நிறங்கள் ஓடும் மிஸ்டிக் டோபாஸ் வேறு வகை. அதில் நிறம் உள்ளே இல்லை, கல்லின் மேல் படிய வைத்த மிக மெல்லிய உலோகப் படலத்தில் இருக்கிறது. டோபாஸின் 8 கடினம் அந்தப் படலத்துக்குக் கிடையாது. கீறல் விழுந்தால் அங்கே கல்லின் சொந்த நிறம் தெரியும், மறுபடி மெருகு போட்டால் வானவில்லும் போய்விடும்.

பராமரிப்பு எளிது. வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, மிருதுவான பிரஷ். அல்ட்ராசோனிக் கருவியும் நீராவிச் சுத்தமும் வேண்டாம், பிளவு இருக்கும் கல்லுக்கு அதிர்வும் திடீர்ச் சூடும் ஆகாது. வைரம், சஃபையர் நகைகளோடு ஒரே பையில் போட்டால் இதில் கீறல் விழும். குவார்ட்ஸ், முத்து, ஓபல் ஆகியவற்றோடு போட்டால் இது அவற்றைக் கீறும். மோதிரத்தை அளவு மாற்றவோ நகத்தைப் பற்றவைக்கவோ கொடுத்தால், கல்லைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யச் சொல்லுங்கள். பற்றவைக்கும் சுடர் நேரே பட்டால் கல் விரிசல் விடலாம், மிகுந்த சூட்டில் ஏற்றிய நீலமும் இறங்கிவிடும்.